ஹால் டிரைவர்

"டோக்கன் ஒண்ணு குடுங்க. மத்தவங்களுக்குக் குடுக்கிறீங்கள்ல, அதே டோக்கன்."

பயணிகள் எல்லோரும் இறங்கிய பிறகு கடைசியாக இறங்கி, சாவியைச் சட்டைப் பையில் போட்டு, கழுத்துத் துண்டால் பிடரியைத் துடைத்தபடி நேராகக் கல்லாவுக்கு வந்து அவர் இப்படித்தான் ஆரம்பிப்பார். கல்லாக்காரர் நிமிர்ந்து பார்க்காமல் டோக்கனைக் கிழித்து நீட்டுவார். கல்லாவுக்குப் பக்கத்தில் கதவில்லாத ஒரு வாசல். அதில் கனமான சிவப்புத் திரை தொங்கும்; மேலே 'ஓட்டுநர், நடத்துநர் மட்டும்' என்று பலகை. பேருந்தை ஓட்டிவந்த அந்த மனிதர், பேச்சுவார்த்தை முறிந்த பங்காளி வீட்டைக் கடப்பதுபோல் அந்த வாசலைக் கடந்து, ஹாலில் பயணிகளோடு பயணியாகப் பெஞ்சில் போய் உட்காருவார். உடனே சமையல்கட்டில் ஒருவர் இன்னொருவரிடம் சொல்வது கேட்கும். "ஹால் டிரைவர் வந்தாச்சு."

கேலிக்கு வைத்த பெயர்தான். அவர் ஒருநாளும் அதை ஆட்சேபித்ததில்லை.

நெடுந்தூரப் பேருந்தில் போனவர்களுக்கு இந்த மாதிரி உணவகத்தை விளக்கத் தேவையில்லை. முன்னும் பின்னும் ஊரே இல்லாத இடத்தில் தனியாக ஒரு நீளக் கட்டடம். மதிய வேளையில் வண்டி அங்கேதான் நிற்கும். பேருந்து முதலாளிகளுக்கும் உணவக முதலாளிக்கும் அப்படி ஓர் ஒப்பந்தம். நடந்துபோகிற தூரத்தில் வேறு கடை கிடையாது. சோறு காலையில் வடித்தது. பருப்பு என்று ஊற்றுவதில் பருப்பைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். விலை மட்டும் சுடச்சுட இருக்கும்.

திரைக்கு உள்ளே நடப்பது வேறு. மேசைக்கு விரிப்பு உண்டு, தலைக்கு மேலே மின்விசிறி உண்டு. அப்போதுதான் இறக்கிய சோறு, பொரித்த மீன், கேட்டால் முட்டை, கேட்காமலே இன்னொரு முட்டை. ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் எல்லாம் இலவசம். நாற்பது பேரைக் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார்களே, அந்த மரியாதை. இதை லஞ்சம் என்று யாரும் சொல்வதில்லை. 'ஸ்டாப் சாப்பாடு' என்று ஒரு நல்ல பெயர் வைத்திருக்கிறார்கள்.

அவரோடு வேலை பார்க்கும் நடத்துநர் ஸ்டாப் சாப்பாட்டுக்காரர். யாரோடும் வம்புக்குப் போகாத ஆள். ஒருநாள் ஏப்பத்தை அடக்கிக்கொண்டு வெளியே வந்து கேட்டார். "அண்ணே, நீங்க வெளிய அந்தத் தட்டை வச்சிக்கிட்டு உக்காந்திருந்தா, நான் உள்ள எப்படிண்ணே நிம்மதியா சாப்பிடுறது?"

"நிம்மதியா சாப்பிடாத. அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்."

ஹால் டிரைவருக்குக் குள்ளமான, கெட்டியான உருவம். ஜன்னல் பக்கத்துக் கை மட்டும் முழங்கை வரை வெயிலில் கறுத்து, இன்னொருவரிடம் இரவல் வாங்கியதுபோல் இருக்கும். கோபம் அவருக்கு மூக்கு நுனியில் என்று சொல்வார்கள். உண்மையில் அவ்வளவு தூரம்கூட இல்லை. ஆறிப்போன தேநீருக்குக் கோபம் வரும். தண்ணீர் வராத குழாய்க்கு வரும். தட்டை மேசையில் வைக்காமல் வீசுகிறவனைக் கண்டால் வீடுவரை வரும். இருபத்தேழு வருடம் வண்டி ஓட்டியதில் ஒருவரையும் இடித்ததில்லை. திட்டாமல் விட்டவர்களும் அதிகம் இல்லை.

கோபத்துக்குச் சமமாக அவரிடம் இருக்கும் இன்னொன்று சாப்பாட்டு ஞானம். எந்தச் சாலையில், எந்த வளைவில், யார் கையால், எத்தனை மணிக்குச் சாப்பிட வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. புது ஓட்டுநர்கள் இதற்காகவே அவரைச் சுற்றி உட்காருவார்கள். அவர்களிடம் சொல்வார்: "மொதல்ல கை கழுவுற எடத்தைப் பாரு. சமைக்கிற எடத்தை ஒளிச்சு வச்சிருவான். கை கழுவுற எடத்தை எங்க ஒளிப்பான்? அப்புறம் மொதலாளி மத்தியானம் எங்க சாப்பிடுறான்னு பாரு. சாப்பிட அவன் வீட்டுக்குப் போனான்னா, நீயும் எந்திரிச்சு உன் வீட்டுக்குப் போயிரு."

விடுமுறை நாளில் மனைவியைக் கூட்டிக்கொண்டு வேறொருவர் ஓட்டுகிற பேருந்தில் ஏறிச் சாப்பிடப் போவார். அந்த அம்மாள் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பதுண்டு. "ஊர்ல புருஷங்க எல்லாம் பொண்டாட்டிக்குக் கடலைக் காட்டுறாங்க, மலையைக் காட்டுறாங்க. இவரு ஒரு முட்டையைக் காட்டுறதுக்கு என்னை ஆறு மணி நேரம் கூட்டிட்டுப் போனாரு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொள்வார். "முட்டை நல்லாத்தான் இருந்துச்சு. அதை நான் சொன்னேன்னு அவருகிட்ட சொல்லிடாதீங்க."

அந்த முட்டையைப் பொரித்துக் கொடுத்தது மலையடிவாரத்தில் கடை வைத்திருக்கும் அக்கா தங்கை இருவர். ஒப்பந்தம் வருவதற்கு முன்னால் அவர் வண்டி மதியத்துக்கு அங்கேதான் நிற்கும். தகரக் கூரை, நாலு பெஞ்சு, வாசலில் தண்ணீர்த் தொட்டி. அந்தக் கடைக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு ஏற்பாடு இருந்தது. மலையுச்சியில் முதல் கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடித்தால் நேர் கீழே கடைக்குக் கேட்கும். ஆனால் வண்டி சுற்றிச் சுற்றி இறங்கி வந்து சேர அரைமணி நேரம் ஆகும். ஒரு நீள ஹாரன் என்றால் பத்துப் பேர். நாலு நீளம், ஒரு குட்டை என்றால் நாற்பத்தைந்து. அக்காக்காரி ஹாரனை எண்ணி அரிசியை அளந்து உலையில் போடுவாள். வண்டி வந்து நிற்கும்போது சோறு பொங்கி வடித்து ஆவி பறக்கும். மிஞ்சாது, பற்றாமலும் போகாது. சாப்பிட்டு ஏறுகிற பயணிகள் மலையைப் பற்றிப் பேசமாட்டார்கள், அந்தச் சோற்றைப் பற்றித்தான் பேசுவார்கள்.

ஒப்பந்தம் வந்தது. வண்டி இனி அங்கே நிற்கக் கூடாது, அடுத்த பத்தாவது கிலோமீட்டரில் நீளக் கட்டடத்தில்தான் நிற்க வேண்டும் என்று உத்தரவு. அவர் கத்திப் பார்த்தார், நடக்கவில்லை. ஆனாலும் முதல் வாரம் முழுக்கப் பழக்கதோஷத்தில் மேலே ஹாரனை எண்ணி எண்ணி அடித்துவிட்டார். ஏழாம் நாள் தங்கைக்காரி நடுச்சாலையில் வந்து கையை நீட்டி வண்டியை நிறுத்தினாள்.

"தம்பி, நிறுத்தப் போறதில்லன்னா மேல ஹாரன் அடிக்காதீங்க. அக்காவுக்குத் தெரியுது, நீங்க வர மாட்டீங்கன்னு. ஆனா சத்தம் கேட்டதும் கை தன்னால அரிசியை அளந்து போட்டிருது."

அன்றிலிருந்து அந்த வளைவில், எதிர்வண்டிக்காக, ஒரே ஒரு குட்டை ஹாரன்தான். அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு அடிப்பார்.

இவ்வளவு கோபம் உள்ள மனிதர் அதே வாரம் திரைக்குள் போகாமல் இருந்தாரா என்றால், போனார். மூன்று வருடம் போனார். இதை அவர் பூசி மெழுகுவதில்லை. "தின்னேன். மீன் நல்லாயிருந்துச்சு, தின்னேன்" என்பார், வேறு யாரையோ திட்டுகிற குரலில்.

பிறகுதான் அந்த நாள் வந்தது. கோடைகாலம். எல்லோரும் ஹாலில் சாப்பிட்டார்கள், அவர் உள்ளே சாப்பிட்டார். வண்டி கிளம்பி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பின் இருக்கையில் ஒருவர் வாந்தி எடுத்தார். பிறகு நடுவில் இருவர். பிறகு யார் யார் என்று எண்ணுவதற்கில்லை. பதினோரு இடத்தில் வண்டியை ஓரங்கட்டினார். பதினோராவது இடத்தில், சாலையோரக் கல்லில் ஒரு பெண் தன் அம்மாவைத் தாங்கிப் பிடித்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே நிற்க முடியவில்லை. அவர் தண்ணீர்ப் புட்டியோடு கிட்டப் போனதும் நிமிர்ந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணே, உங்களுக்கு ஒண்ணும் பண்ணலையே? நீங்க வேற வண்டி ஓட்டணும். கொஞ்ச நேரம் உக்காந்துட்டு எடுங்க, எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல."

தன்னைக் குத்திக்காட்டுகிறாள் என்று முதலில் நினைத்தார். இல்லை. உண்மையாகவே அவருக்காகக் கவலைப்பட்டுக் கேட்டாள். தாங்கள் சாப்பிட்டதைத்தான் அவரும் சாப்பிட்டிருப்பார் என்று அந்தப் பெண் நம்பியிருந்தாள். தண்ணீரை நீட்டிய கையில் அவருக்கே மீன் வாசனை அடித்தது. அவமானம் அவருக்கு எப்போதும் அவமானமாக நிற்பதில்லை, அடுத்த நிமிடமே கோபமாகிவிடும். அன்று ஏறிய கோபம் இன்றுவரை இறங்கவில்லை.

மறுநாள் அவர் டோக்கன் வாங்கினார். ஹாலில் உட்கார்ந்தார். மேசையில் முந்தி உட்கார்ந்தவர்களின் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது.

"தொடைக்கத் துணி குடுப்பா."

"துணி காயப் போட்டிருக்கு சார்."

தினமும் கேட்டார், தினமும் இதே பதில். ஒன்றரை வருடமாக அந்தத் துணி காயவில்லை.

தன் எதிர்ப்பு எல்லோருக்கும் புரிந்துவிடும் என்றுதான் அவர் நம்பினார். ஓட்டுநரே இலவசச் சாப்பாட்டை உதறிவிட்டு வெளியே உட்கார்கிறார் என்றால் உணவக முதலாளிக்கு உறைக்கும், நாலு பேர் கேள்வி கேட்பார்கள் என்று கணக்குப் போட்டார். நடந்தது தலைகீழ். வாசலில் தயங்கி நின்ற பயணிகள் அவரைப் பார்த்தார்கள். "டிரைவரே இங்கதான் சாப்பிடுறாரு" என்று ஒருவர் மனைவியிடம் சொன்னார். "டிரைவருங்க சாப்பிடுற கடை எப்பவும் நல்லாயிருக்கும்னு எங்க அப்பா சொல்லுவாரு. வா, உக்காரு." வீட்டிலிருந்து பொட்டலம் கட்டி வந்தவர்கள்கூடப் பொட்டலத்தைப் பைக்குள் வைத்துவிட்டு டோக்கன் வாங்கினார்கள்.

மூன்று மாதம் கழித்து உணவக முதலாளி தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு அவர் மேசைக்கே வந்தார். திட்ட வருகிறார் என்று இவர் தயாராக இருந்தார். முதலாளி முகமெல்லாம் சிரிப்பு.

"சார், நீங்க வெளிய உக்கார ஆரம்பிச்சதுலேருந்து ஹால் நெறையுது. வாசலுக்கு நேரா உங்களுக்கு ஒரு நல்ல நாற்காலியா போடச் சொல்லவா?"

அன்று அவர் வீட்டுக்குப் போய், மனைவி வைத்த தட்டைக் கையால் தொடவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் கேட்டுக் கேட்டுத்தான் அவரைப் பேச வைத்தார். விஷயம் தெரிந்ததும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார். "வாயைத் தொறந்து சொல்ல வேண்டியதை உக்காந்து காட்டுனா எவனுக்குப் புரியும்? ஊரெல்லாம் திட்டுற வாய், அங்க போய் மட்டும் ஏன் பூட்டிக்கிச்சு?"

அவர் வாயைத் திறந்தார். அடுத்த நாளிலிருந்து, கட்டடம் கண்ணுக்குத் தெரிந்ததும் வண்டியை மெதுவாக்கி, கண்ணாடியில் பயணிகளைப் பார்த்து அறிவிப்பார்.

"முப்பது நிமிஷம் நிக்கும். கழிப்பறை பின்பக்கம். சோறு நல்லாயிருக்காது, கல்லாவுல பழமோ பிஸ்கட்டோ வாங்கிக்குங்க. நான் சாப்பிடுவேன். என்னைப் பார்த்து யாரும் சாப்பிடாதீங்க."

வண்டியில் சிரிப்பு எழும். ஒருமுறை ஒரு பெரியவர் கேட்டார். "பெறகு நீங்க மட்டும் ஏங்க சாப்பிடுறீங்க?"

"கொண்டாந்து நிறுத்துறது நான்தானே."

ஹாலில் கூட்டம் பாதியானது. முதலாளியின் சிரிப்பும் அத்தோடு நின்றது. மேலாளருக்குப் புகார் போயிற்று.

பேருந்து நிறுவனத்தின் மேலாளர் இனிக்க இனிக்கப் பேசுகிற மனிதர். யாரையும் அவர் மிரட்டியதில்லை. மிரட்டுவதைத் தாள்களிடம் விட்டுவிடுவார். அலுவலகத்துக்கு இவரைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்து ஒரு தாளை நீட்டினார். மலைச்சாலை வழித்தடத்திலிருந்து இவரை எடுத்துவிட்டு, பணிமனையில் வண்டி கழுவுகிற இடத்தில் போடுவதற்கான உத்தரவு. தேதி மட்டும் எழுதவில்லை.

"நான் இதை நிரப்பணும்னு ஆசைப்படல. வியாழக்கிழமை நானே உங்க வண்டியில வர்றேன். சாப்பாட்டு ஸ்டாப்புல என்கூட உள்ள உக்காந்து ஒரு வாய் சாப்பிடுங்க. ஓட்டல் மொதலாளி பார்க்கணும், அவ்வளவுதான். பேசக்கூட வேண்டாம். வெள்ளிக்கிழமை வழக்கம்போல உங்க மலை, உங்க வண்டி."

கழுவுகிற இடம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். வண்டியை வரிசையிலிருந்து எடுத்து, குழாயடியில் நிறுத்தி, திரும்ப வரிசையில் விட வேண்டும். ஒரு நாளைக்கு எழுபது வண்டி. இரண்டாவது கியருக்கு மேல் கை போகாது. இருபத்தேழு வருடம் அந்த மலையை ஏறி இறங்கியவருக்கு அது ஓட்டுவதே அல்ல. வீட்டில் சொன்னபோது மனைவி இந்த முறை சிரிக்கவில்லை. "ஒரு வாய்தானே" என்றார். பிறகு, "எனக்குத் தெரியல. உங்க இஷ்டம்" என்றார்.

போன வியாழக்கிழமை மேலாளர் முன் இருக்கையில் வந்து உட்கார்ந்தார். வழி நெடுகச் சாலையைப் பாராட்டிக்கொண்டே வந்தார். முதல் கொண்டை ஊசியில் ஒரு குட்டை ஹாரன். கீழே தகரக் கூரையைக் கடக்கும்போது இவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கட்டடம் கண்ணுக்குத் தெரிந்தது. கண்ணாடியில் பயணிகளைப் பார்த்தார். "முப்பது நிமிஷம் நிக்கும். கழிப்பறை பின்பக்கம்" என்றதோடு நிறுத்திக்கொண்டார். நடத்துநர் பெருமூச்சு விட்டது வண்டி முழுக்கக் கேட்டது.

முப்பத்தெட்டுப் பேர் இறங்கினார்கள். எச்சரிக்க யாரும் இல்லாததால் அத்தனை பேரும் டோக்கன் வாங்கி ஹாலில் உட்கார்ந்தார்கள். கடைசியாக இறங்கி அவர் கல்லாவுக்கு வந்தார். அன்று டோக்கன் கேட்கவில்லை. முதலாளி திரையைத் தன் கையாலேயே ஒதுக்கிப் பிடித்து மேலாளரை உள்ளே விட்டார். விரித்த மேசை, சுழலும் மின்விசிறி, ஆவி பறக்கும் சோறு, இரண்டு தட்டிலும் மீன். நடத்துநர் ஏற்கெனவே ஓரமாக உட்கார்ந்து, அண்ணன் வந்துவிடுவார் என்ற நம்பிக்கையில் இன்னும் கை வைக்காமல் இருந்தார்.

"வாங்க, ஆறிடப் போகுது" என்றார் மேலாளர், மீன் துண்டைப் பிட்டபடி.

இவர் வாசலில் நின்றார். முதலாளியின் கையிலிருந்த திரை தோளில் உரசியது. நல்ல பசி. மீன் வாசனை மூக்கில் ஏறியது. தாளில் எழுதாத தேதியும் நினைவில் இருந்தது. ஒரு காலை எடுத்து உள்ளே வைத்தும் விட்டார். அப்போது முதுகுக்குப் பின்னால் ஹாலிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது. அவள் ஒரு கையில் தன் தட்டையும் இன்னொரு கையில் அப்பாவின் தட்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வைக்க இடமில்லாமல் நின்றிருந்தாள். மேசை முழுக்க யாரோ தின்ற மிச்சம்.

"ஏங்க, இதைத் தொடைக்க ஒரு துணி கிடைக்குமா?"

"துணி காயப் போட்டிருக்கும்மா."

அவர் உள்ளே வைத்த காலை வெளியே எடுத்தார். முதலாளி பிடித்திருந்த திரையை, ஏதோ வாங்கிக்கொள்வதுபோல் அவர் கையிலிருந்து வாங்கினார். பிறகு ஒரே இழுப்பு. கம்பி சுவரிலிருந்து பெயர்ந்து, வளையங்கள் ஒவ்வொன்றாகக் கல்லா மேல் விழுந்து உருண்டன. ஹாலில் இருந்த முப்பத்தெட்டுப் பேரும் திரும்பினார்கள். திறந்த வாசலுக்கு உள்ளே, மின்விசிறிக்குக் கீழே, மேலாளர் வாய்க்குக் கொண்டுபோன மீனோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

இவர் யாரையும் பார்க்கவில்லை. கனமான சிவப்புத் துணியை நாலாக மடித்துக்கொண்டு அந்தப் பெண்ணின் மேசைக்கு வந்தார். "கொஞ்சம் தள்ளிக்கம்மா" என்று சொல்லி, மூலையிலிருந்து ஆரம்பித்து, காய்ந்த பருக்கையை நகத்தால் சுரண்டி, விளிம்புவரை அழுத்தித் துடைத்தார். துடைத்ததும் துணியின் அழுக்குப் பக்கத்தை உள்ளே மடித்து, சுத்தமான பக்கத்தை வெளியே எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார்.